லென்ஸுக்கு வைத்த பொட்டு

படித்தவன் ஒரு தவறு செய்தால் அதை ஒப்புக்கொள்ள அரைமணி நேரம் கூடுதலாக ஆகும். தன்னைத் தவிர உலகத்தில் உள்ள மற்ற எல்லாக் காரணங்களையும் அவன் முதலில் தேடி முடிக்க வேண்டும் அல்லவா? எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஆனது. நான் அப்போது எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில், லேசர் ஒளியை வைத்துத் தூரத்தை அளப்பது என் ஆராய்ச்சி. ஒளியை அனுப்ப வேண்டும். தூரத்துக் கண்ணாடியில் பட்டு அது திரும்பி வர வேண்டும். வந்ததை ஒரு லென்ஸ் குவித்து, தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழைக்குள் நுழைக்க வேண்டும். இழையின் மறுமுனையில் உள்ள பெட்டி தூரத்தைச் சொல்லும். ஆனால் திரும்பி வரும் ஒளியில் பெரும்பகுதி இழைக்கு வெளியே சிந்திவிடும். (பந்தி முழுக்கப் பாயசம் ஊற்றி, இலையில் ஒரு கரண்டிகூட விழாத கதை.) அந்தச் சிந்தலைக் குறைப்பதுதான் என் வேலை. லென்ஸைத் தாங்கும் திருகுகளை ஆறு மாதம் துளித்துளியாகத் திருப்பி, நூறில் இரண்டு பங்கு நுழைந்த ஒளியை நாற்பது பங்காக்கியிருந்தேன். அதன்பின் அந்த மேசைப் பக்கம் யாரையும் தும்மக்கூட விடவில்லை.

வாய்மொழித் தேர்வில் தேறினால் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை தயாராக இருந்தது. தேறாவிட்டால் அவனியாபுரத்தில் என் மாமாவின் லேத் பட்டறை தயாராக இருந்தது. மாமா பட்டறையில்தான் அதிக நம்பிக்கை வைத்திருந்தார்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்பு துறையில் ஆயுத பூஜை. தராசு முதல் டைப்ரைட்டர் வரை பொட்டு வைப்பது அட்டெண்டர் அழகர்சாமி அண்ணனின் பொறுப்பு. சந்தனக் கிண்ணத்தோடு என் மேசைக்கு வந்தவரைப் பாய்ந்து தடுத்தேன்.

“அண்ணே, இதுல மட்டும் கை வச்சிராதீங்க. ஆறு மாச உழைப்பு.”

“எல்லாத்துக்கும் வச்சுட்டு இத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும் தம்பி? நாளைக்கு ஒண்ணுன்னா என்னையத்தான சொல்லுவீங்க?”

அதுவும் நியாயம்தான். தேர்வு சமயத்தில் சரஸ்வதியைப் பகைத்துக்கொள்ள எனக்கும் தைரியம் இல்லை. கிண்ணத்தை நானே வாங்கி, லென்ஸைத் தொடாமல், அதைப் பிடித்திருக்கும் கறுப்பு வளையத்தின் உச்சியில் கச்சிதமாகப் பொட்டு வைத்தேன். மேலே குங்குமம். கிண்ணத்துச் சந்தனம் துறை முழுவதற்கும் வர வேண்டுமென்று அண்ணன் தண்ணீரைத் தாராளமாக விட்டிருந்தார். புவியீர்ப்பைப் பற்றி ஐந்து வருடம் படித்த நான் அதைப் பார்த்தும் எதுவும் யோசிக்கவில்லை. பூஜையில் வைத்ததை உடனே எடுத்து ஓட்டக் கூடாது என்பதால் அறையைப் பூட்டிவிட்டுப் போனேன். அடுத்த இரண்டு நாள் விடுமுறை.

தேர்வன்று இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தபோது, என்னைச் சோதிக்க வந்த வெளியூர்த் தேர்வாளர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் பேராசிரியர், கடிகாரத்தைப் பார்த்தபடி. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டிய அறை அது. வந்த அவசரத்தில் எதையும் பார்க்காமல் விளக்கை அணைத்து லேசரைப் போட்டேன். வராந்தாவின் கடைசியில் இருந்த கண்ணாடியில் சிவப்புப் புள்ளி அழகாகப் போய் விழுந்தது.

“அந்தக் கண்ணாடி எம்புட்டு தூரத்துல இருக்குன்னு சாருக்குக் காட்டுப்பா” என்றார் பேராசிரியர்.

நாற்பது மீட்டர். டேப் பிடித்து நானே அளந்தது. பெட்டியோ ஆறாயிரத்துச் சொச்சம் என்றது. அந்தக் கணக்குப்படி என் கண்ணாடி ஆறு கிலோமீட்டர் தள்ளி, பரவைச் சந்தையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே எங்கேயோ இருந்தது. மறுபடி அழுத்தினேன். ஒன்றரை மீட்டர். அதற்குள் திரும்பி வந்துவிட்டது!

“வோல்டேஜ் கம்மி சார்” என்றேன். அப்புறம், பூட்டிக் கிடந்த அறை சூடாகிவிட்டது என்றேன். டவுன் பஸ் போன அதிர்வு என்றேன். (பஸ் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.) ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு திருகைத் திருப்பினேன். பன்னிரண்டு மணிக்குள் ஆறு மாத உழைப்பை என் கையாலேயே கலைத்து முடித்தேன். லேத் பட்டறையின் எண்ணெய் வாசனை எனக்கு வரத் தொடங்கியது.

அந்த நேரம் டீ கொண்டுவந்த அழகர்சாமி அண்ணன், இருட்டில் கால் தடுக்காமல் இருக்க ட்யூப்லைட்டைப் போட்டார்.

“தம்பி, பொட்டு கீழ எறங்கி வந்துருச்சே!”

வளையத்தின் உச்சியிலிருந்து லென்ஸின் நடு வரை, குங்குமக் கோட்டோடு சந்தனம் வழிந்து காய்ந்து கிடந்தது. பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். தேர்வாளர் குனிந்து பார்த்தார்.

“இது யார் வச்சது?”

அண்ணனைக் கைகாட்டினால் தப்பிவிடலாம். அவர் பெயர் என் நாக்கு நுனி வரை வந்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. “நான்தான் சார்” என்றேன்.

“தண்ணிய அதிகமா விட்டது நானு சார்” என்றார் அண்ணன் உடனே.

தேர்வாளர் சிரிக்கவில்லை. துடைக்கச் சொன்னார். பழைய குறிப்பு நோட்டைப் பார்த்து, நான் கலைத்ததைச் சரிசெய்ய மாலை நான்கு மணி ஆனது. அதுவரை பூஜைப் பொரிகடலையைத் தின்றுகொண்டு காத்திருந்தார், மகராசன். பெட்டி கடைசியில் நாற்பது மீட்டர் என்றது. அழுகை வந்துவிட்டது எனக்கு.

“இப்ப அந்தச் சந்தனத்தைத் திரும்ப வைங்க” என்றார்.

“சார்?”

“எவ்வளவு ஒளி குறையுதுன்னு அளந்து பாருங்க. லென்ஸ்ல தூசியோ அழுக்கோ படிஞ்சா என்ன ஆகும்னு உங்க ஆய்வேட்டுல ஒரு வரிகூட இல்ல. அதை எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்.”

எழுதிக் கொடுத்தேன். என் ஆய்வேட்டில் வேறு எவரும் செய்யாத சோதனை என்றால் அது ஒன்றுதான். வேலை கிடைத்தது, மாமா ஏமாந்தார். அழகர்சாமி அண்ணன் என் கல்யாணத்துக்கு வந்தார். வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டிய பெண்ணிடம், “கெட்டியாத்தான கரைச்சிருக்க?” என்று கேட்டுவிட்டு, பந்தியில் உட்கார்ந்து பெண் வீட்டாருக்கு முழுக் கதையையும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து வீட்டில் மிக்சி ஓடாவிட்டாலும், டி.வி. தெரியாவிட்டாலும், நான் காரணம் சொல்ல வாயைத் திறந்ததுமே என் மனைவி, “மொதல்ல பொட்டப் பாருங்க” என்பாள். போன மாதம், பேப்பரில் அச்சு மங்கிவிட்டது, மை சரியில்லை, ஆசிரியருக்குக் கடிதம் எழுதப் போகிறேன் என்று கத்திக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படியிலிருந்து வந்தாள். என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டுப் போனாள்.

அச்சு நன்றாகத்தான் இருந்தது.