உலரக் கூடாத கருவி

ஆற்று நீரை இனி யாரும் மனம்போன போக்கில் பங்கிடக் கூடாது என்று மேலிடம் திருவாய் மலர்ந்தது. ஆற்றைப் பற்றிய தரவும் மக்களைப் பற்றிய தரவும் கைகோத்து நிற்கும், கணினி பங்கிடும். அதற்காக வாய்க்கால்தோறும் ஓர் அளவுக்கருவி வைத்தார்கள். வீடு வீடாகக் கணக்கும் எடுத்தார்கள்.

வாய்க்காலின் கோடியில் வயல் வைத்திருந்த ஒரு கடைமடைக்காரரின் பயிர் இருபது நாளாகக் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஐந்து நாள் தாங்கினால் பெரிய விஷயம். அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே திரையில் அவர் ஊர் மட்டும் பளிச்சென்று நீலமாக இருந்தது.

"நீலம்னா என்னங்க சார்?"

"தண்ணி உபரி. இந்த வருஷம் உங்க ஊருக்கு ஒண்ணும் கிடையாது."

"வாய்க்கால்ல புழுதி பறக்குது சார்!"

"கருவி முழுசா நனைஞ்சிருக்குன்னு சொல்லுதே."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நனைச்சதே நான்தான் சார்! 'கருவி எக்காரணம் கொண்டும் உலரக் கூடாது, உலர்ந்தால் நடவடிக்கை'ன்னு நீங்கதானே ஓலை அனுப்பினீங்க? அதை வாய்க்கால்லயே ஒரு வாளியில வெச்சு, தினம் ஒரு குடம் ஊத்துறேன். குடிக்கிற தண்ணி சார்!"

அதிகாரி மக்கள் தரவைத் தட்டினார். "'தினமும் ஒருவர் குடத்துடன் வாய்க்காலுக்குப் போகிறார்.' ரெண்டு தரவும் எப்படி ஒத்துப்போகுது பாருங்க!" அவர் முகத்தில் உண்மையான பூரிப்பு.

கடைமடைக்காரர் அங்கே நிற்கவில்லை. ஊர் திரும்பியதும் கருவியை எடுத்துக் கூரைமேல் காயப்போட்டார். மூன்றாம் நாள் திரையில் ஊர் சிவப்பானது. நான்காம் நாள் கடிதம் வந்தது: 'தங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்வதில்லை என்பது தரவுகளால் ஐயமற நிறுவப்பட்டுள்ளபடியால், அங்கே தண்ணீர் அனுப்புவது வீண். தங்கள் பங்கு நிரந்தரமாக ரத்து செய்யப்படுகிறது.'

இந்த வருஷப் பயிர் போய்விட்டது. அடுத்த வருஷப் பங்காவது மிஞ்சட்டும் என்று அடித்துப் பிடித்துக் கருவியை மறுபடி வாளிக்குள் இறக்கினார். மறுநாளே ஊர் நீலம். ரத்து உத்தரவு வாபஸ்.

ஒரே நாளில் மீண்டெழுந்த ஊரைப் பார்வையிட உயர்மட்டக் குழு வந்தது. கருகிய வயலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டது. உச்சி வெயிலில் குழுத் தலைவருக்கு நாக்கு வறண்டது.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமாய்யா?"

"வாளியில இருக்குங்க, தாராளமா குடிங்க. ஆனா குடிச்சா ஊர் சிவப்பாயிடும்."

தலைவர் வாளியைப் பார்த்தார். கூட வந்திருந்த அதிகாரி தலைவரைப் பார்த்தார். எல்லோரும் எச்சிலை விழுங்கிக்கொண்டு வண்டி ஏறினார்கள்.

கடைமடைக்காரருக்கும் தாகம்தான். வீட்டில் மிச்சமிருந்த ஒரு சொம்புத் தண்ணீரை மனைவி நீட்டினாள். வாங்கியவர், பழக்க தோஷத்தில் அதையும் கொண்டுபோய் வாளியில் ஊற்றினார்.