லூசியானாவில் முதலைகள் அதிகம்

என் மனைவி யோகாவை அமெரிக்காவுக்குப் போகவிடுவதில்லை என்று மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஏழேகாலுக்கு முடிவெடுத்தேன். நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் உண்டு. இருபத்திநாலு வருடம் சிட்னியில் ரயிலுக்கு நேர அட்டவணை போட்டவன் நான். இப்போது ஓய்வு. இன்று என் அட்டவணைக்குக் கட்டுப்படுவது வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஒன்றுதான். அதற்கும் பற்றரி போடுவது யோகா.

ஏழு பதின்மூன்றுக்குத்தான் அந்தப் பேச்சு நடந்தது.

"இஞ்சேருங்கோ, மிருணாளினி கூப்பிடுறாள். மே மாதம் வரட்டாம். அஞ்சு கிழமை."

மிருணாளினி என் மனைவியின் தங்கை. அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் லூசியானா என்றொரு மாநிலத்தில் பேராசிரியை. அக்காவும் தங்கையும் நேரில் கண்டு பதினொரு வருடமாகிறது.

"நான் போகட்டே?" என்றாள் யோகா.

"போமன். எனக்கென்ன?"

"தனிய இருப்பீங்களே?"

"நான் என்ன சின்னப்பிள்ளையே?"

"சரி." தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

நான் கதிரையில் உட்கார்ந்தபடி கணக்குப் பார்த்தேன். ஐந்து கிழமை என்றால் முப்பத்தைந்து நாள். கலியாணம் முடித்து முப்பத்தொரு வருடத்தில் அவள் என்னை விட்டுப் போனது மூன்று இரவுகள். அதுவும் மகனைப் பெற ஆஸ்பத்திரிக்கு. அப்போதும் நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். மகன் இப்போது பேர்த்தில் இருக்கிறான். அவள் போனால் இந்த வீட்டில் நானும் கடிகாரமும்தான்.

'போகாதையும்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். 'நானும் வாறன்' என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் 'எனக்கென்ன' என்று மார்பை நிமிர்த்தி ஒருமுறை சொன்ன மனுஷன் திரும்பி வருவதற்கு வழி கிடையாது. ஆகவே தந்திரம் தேவைப்பட்டது.

பக்கத்து வீட்டு அருந்தவனை வென்ட்வேர்த்வில் பலகாரக் கடையில் பிடித்தேன். போன வருடம் அவர் மனைவி இரண்டு மாதம் கனடா போய் வந்தவர். அனுபவஸ்தர்.

"நாலாம் நாள் என்ர நிலைமை என்ன தெரியுமோ அண்ணை? மேய்ஸ் ஹில் முருகனிட்டப் போனன். அர்ச்சனைக்கில்லை, கோயில் கன்ரீன் சாப்பாட்டுக்கு. கிழமையில ஆறு நாள். ஐயர் என்ர பக்தியைப் பாத்து அழுதிட்டார்."

"நான் என்ன செய்ய?"

"வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ. சொன்னால் கட்டாயம் போவினம். பயங்காட்டுங்கோ. அந்த ஊரில என்ன என்ன ஆபத்தெண்டு தேடி எடுங்கோ." ரோல்ஸின் கடைசித் துண்டை வாய்க்குள் போட்டுக்கொண்டு அருந்தவன் இந்த ஞானத்தை வழங்கினார்.

இரண்டு நாள் இணையத்தில் தேடினேன். லூசியானா என்னை ஏமாற்றவில்லை.

"யோகா, அங்க முதலை நிறைய, தெரியுமோ?"

"எவ்வளவு?"

"இருபது லட்சம்."

"கிட்டப் பாக்கலாமோ?"

"சதுப்புக்குள்ள படகில கூட்டிக்கொண்டு போவினம். பக்கத்தில வந்து வாயைத் திறக்கும்!"

"போட்டோ எடுக்க விடுவினமோ?"

"உமக்குப் பயமில்லையே?"

"கராஜுக்குள்ள ரெட்பேக் நச்சுச் சிலந்தியோட குடியிருக்கிறம். முதலையெண்டால் கண்ணுக்குத் தெரியும்தானே."

அடுத்த ஆயுதத்தை எடுத்தேன். "நியூ ஓர்லியன்ஸில சவத்தை மண்ணுக்குள்ள புதைக்கிறேல்லை. தண்ணி மேல வந்திடுமாம். வீடு மாதிரிக் கட்டி உள்ளுக்கு வைக்கிறது. தெருத்தெருவாய்!"

"சனம் போய்ப் பாக்குதோ?"

"காசு குடுத்து டிக்கெட் எடுத்துப் பாக்குது."

"அப்ப நல்ல இடமாத்தான் இருக்கும்."

"ஒரு பாலம் இருக்கு. ஏரிக்கு மேல முப்பத்தெட்டு கிலோமீற்றர். நடுவில போனால் எந்தப் பக்கமும் கரை தெரியாது. சாப்பாடு அதைவிட மோசம். கம்போ எண்டு ஒரு சாமான். நண்டு, றால், வெண்டிக்காய் எல்லாத்தையும் ஒரு பானைக்குள்ள போட்டுக் கொழகொழவெண்டு காய்ச்சிறது."

"எங்கட ஊர் மீன் கூழ்!" என்றாள் யோகா. அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் கண்டு பல நாள். "பனங்கிழங்கு ஒடியல் மா மட்டும் போடாத கூழ்!"

இவ்வளவு நேரமும் அவள் கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எட்டிப் பார்த்தேன். தலைப்பு: 'லூசியானாவுக்கு முதன்முறை போகிறவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டியவை'. கீழே வரிசையாக முதலை, சுடலை, பாலம், கூழ். பயங்காட்டப் போன நான் சம்பளம் இல்லாத சுற்றுலா வழிகாட்டியாகிவிட்டேன்.

இதற்கிடையில் எனக்கே ஒரு விபத்து நடந்தது. ஆபத்துத் தேடிய இடத்தில் ஒரு டிராம் கண்ணில் பட்டது. நியூ ஓர்லியன்ஸில் 1835இல் தொடங்கிய பாதை. இன்றைக்கும் ஓடுகிறது. பச்சை நிற வண்டி, மரக் கதிரைகள், இரண்டு பக்கமும் கிளை விரித்த பெரிய மரங்கள். மூன்று நாள் அதன் நேர அட்டவணையை வாசித்தேன். நான் என்றால் காலை வண்டியை நாலு நிமிடம் முந்தி விட்டிருப்பேன். அந்த மரக் கதிரையில் யன்னல் பக்கம் யோகாவும் இந்தப் பக்கம் நானும் இருப்பதாக ஒரு நினைப்பு வந்தது. வந்தது போகவில்லை.

திட்டத்தை மாற்றினேன். அவளுக்குத் துணை ஒன்று தேவை என்று நிரூபிக்கவேண்டும்.

"டிராமில எங்க ஏறி எங்க இறங்கிறதெண்டு உமக்குத் தெரியாதே, யோகா."

"மிருணா இருக்கிறாள்தானே."

"அவவுக்குக் கார்தான் ஓடத் தெரியும். டிராம் வேற விசயம். விசயம் தெரிஞ்ச ஆள் ஒண்டு பக்கத்தில நிக்கவேணும்."

"ஓம், உண்மைதான்." என் நெஞ்சு குளிர்ந்தது. "நீங்கள் எல்லாத்தையும் வடிவாய் எழுதித் தாங்கோவன்."

எழுதிக் கொடுத்தேன். முப்பத்தைந்து நாளுக்கும் பதினொரு பக்கம். முதலை காலை ஒன்பதரைக்கு. சுடலை வெயிலுக்கு முந்தி. முழங்கால் நோவுக்காக நாளுக்கு இரண்டு தரம் ஓய்வு. முழங்கால் நோவு எனக்குத்தான், அவளுக்கில்லை. யோகா அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மடித்து வைத்தாள்.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. கராஜுக்குள் இருந்து கூப்பிட்டாள்.

"இஞ்ச ஒருக்கால் வந்து பாருங்கோ."

பெரிய ஃபிரீசரின் மூடியைத் திறந்தாள். உள்ளே அடுக்கடுக்காகப் பழைய ஐஸ்கிரீம் டப்பாக்கள். முப்பத்தைந்து. ஒவ்வொன்றிலும் அவளுடைய குண்டுக் கையெழுத்தில் லேபல். மேலே இருந்ததை வாசித்தேன்.

'முதலாம் நாள். புட்டு, மீன் குழம்பு. நல்லாய்ச் சூடாக்கவும். முள்ளுப் பார்த்துச் சாப்பிடவும்.'

எனக்கு முள்ளுப் பார்க்கத் தெரியாது. முப்பத்தொரு வருடமாக முள்ளெடுத்து மீனை என் தட்டில் வைப்பவள் அவள். அந்த மீனைத் தொடாமலே தொண்டையில் முள்ளுச் சிக்கியது.

"யோகா."

"என்ன?"

"போகாதையும்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இல்லை, போம். மிருணாவைப் பாக்கத்தானே வேணும். ஆனால் என்னையும் கூட்டிக்கொண்டு போம். நீர் இல்லாமல் இந்த வீட்டில எனக்கு இருக்கேலாது. ஒரு நாளும் ஏலாது."

யோகாவின் கண் நிறைந்துவிட்டது.

"அண்டைக்கு நான் கேட்டன்தானே, போகட்டே எண்டு. எனக்கென்ன எண்டிட்டீங்கள். அது எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

"எனக்கு உதெல்லாம் கதைக்கத் தெரியாது, யோகா."

"இப்ப கதைச்சீங்கள்தானே." மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைபேசியை எடுத்து நீட்டினாள்.

விமான டிக்கெட்டுகள். யோகா. அடுத்த வரியில் சச்சிதானந்தன், அதாவது நான். பக்கத்துப் பக்கத்து இருக்கை. வாங்கிய திகதியைப் பார்த்தேன். ஜனவரி.

"இது நீர் என்னட்டக் கேக்கிறதுக்கு இரண்டு மாதம் முந்தியெல்லோ!"

"ஓம். மிருணா இரண்டு பேரையும்தான் கூப்பிட்டவள். உங்கட வாயால ஒருக்கால் கேக்கவேணும்போல இருந்தது."

"அப்ப நான் தேடித் தந்த முதலை, சுடலை?"

"எல்லாம் பாப்பம். பதினொரு பக்கம் எழுதியிருக்கிறீங்கள்."

சந்தோஷத்திலும் எனக்கு ஒரு கோபம் வந்தது. "அது சரி, முப்பத்தஞ்சு நாள் சாப்பாட்டை இனி ஆர் சாப்பிடுறது?" என்று முதலாம் நாளின் மூடியைத் திறந்தேன்.

வெறும் டப்பா. இரண்டாம் நாளும் வெறுமை. மூன்றாம் நாளும்.

"லேபல் எழுதியெழுதி என்ர கை நொந்துபோச்சு," என்றாள் யோகா. "முதல் டப்பாவிலேயே விழுவீங்களெண்டு தெரிஞ்சிருந்தால் ஒண்டோட நிப்பாட்டியிருப்பன்."