பனி பஸ்ஸின் எஞ்சினும் கறள் அண்ணையும்

மொன்றியலில் கறளைக் காசு கொடுத்து வாங்கி வந்து, அதில் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றிய ஒரே தமிழன் கறள் அண்ணைதான். இதை எந்தக் கோயில் வாசலிலும் நின்று சத்தியம் பண்ணுவேன்.

கறள் என்றால் துரு. இந்த ஊரில் பனிக்கு ரோட்டில் கொட்டும் உப்பு நாலு வருடத்தில் காரின் அடிவயிற்றைத் தின்றுவிடும். நாங்கள் எல்லாரும் அதற்குப் பயந்து வருடாவருடம் காருக்கு அடியில் எண்ணெய் அடிப்போம். ரொக்ஸ்பரோவில் எங்கள் ஒட்டு வீட்டின் மறுபாதியில் இருக்கும் இந்த மனுசனோ, ஏதோ ஒரு வயலில் கிடந்த பழைய காரின் கூட்டை இழுத்து வந்து, அதிலிருக்கும் கறள் உதிர்ந்துவிடக் கூடாதென்று மேலே வார்னிஷ் பூசினார். அன்றோடு அவருடைய ஞானஸ்நானப் பெயர் போயிற்று. இப்போது பங்குத்தந்தையே "கறள் வந்திட்டாரோ?" என்றுதான் கேட்கிறார்.

இப்படிப் பழைய இரும்புகளைப் பொறுக்கி, பெயின்ட் அடிக்காமல், தரையோடு தரையாகக் கட்டும் காருக்கு ராட் ரொட் என்று பெயர். ராட் என்றால் எலி; கறள் அண்ணையின் மனைவி ராணி அக்கா அதை எலிக்கார் என்பார். இந்தக் காருக்கு முன்மூடி கிடையாது. எஞ்சின் அப்படியே வெளியே தெரியும்.

"எஞ்சின்தான் தம்பி இதுக்கு முகம். கண்டதையும் பூட்டேலுமே?" என்பார்.

ஏலாதுதான். ஆனால் மூன்று வருடமாகவா முகம் தேடுவது? எல்லாரும் பூட்டும் எட்டுச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை நானே பிடித்துக் கொடுத்தேன். "இது மூண்டு வீட்டுக்கு ஒண்டு கிடக்கு. றோட்டிலை கண்டால் ஆற்றை பிள்ளை எண்டு தெரியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பாண் சுடும் தொழிற்சாலையில் மெஷின் திருத்துவது அவர் தொழில். எந்த எஞ்சினைப் பார்க்கப் போனாலும் ஒரு நீட்டு ஸ்க்ரூட்ரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடுவார். வில்லரேயில் ஒருவர் சவ வண்டியின் பழைய எஞ்சின் ஒன்றை ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லை, பட்டுப்போல ஓடியது. கறள் அண்ணை கண்ணைத் திறந்தார்.

"வேண்டாம் தம்பி. சவம் ஏத்தி ஏத்தி வாயடைச்சுப் போச்சு."

கர்க்லாண்டில் ஒரு பல் வைத்தியரிடம் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்று இருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கறள் அண்ணை மூன்று நிமிடம் காது கொடுத்துவிட்டு, "பன்னிரண்டு பேர் உள்ள வீட்டிலை ஒருத்தனும் முழு வேலை செய்யான்" என்றார். வைத்தியருக்கு அதை மொழிபெயர்க்காமல் ஆளை இழுத்துக்கொண்டு வந்தேன்.

இதற்கிடையில் ராணி அக்காவின் பொறுமை தேய்ந்துகொண்டே வந்தது. முதியோர் இல்லத்தில் அவருக்குக் காலை ஆறு மணி வேலை. மூன்று குளிர்காலமாக எலிக்கார் சூடான கராஜுக்குள் உறங்க, அவர் விறைக்க விறைக்கத் தன் காரின் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிக்கொண்டிருந்தார். போன இலையுதிர் காலத்தில் தீர்ப்புச் சொன்னார்.

"இஞ்சேருங்கோ, முதல் பனிக்கு முந்தி எஞ்சின் வந்தால் இன்னும் ஒரு வருசம் தாறன். வராட்டிப் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு எல்லாத்தையும் அள்ளிக் குடுப்பன்."

"ஓம்" என்றார் கறள் அண்ணை.

வருகிற செவ்வாய்க்கிழமை பனி என்று வானிலையில் சொன்ன கிழமைதான் அந்தச் செய்தி வந்தது. நகரத்துக்குக் கிழக்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில், ஒரு பண்ணைக் கிழவரிடம் பனி பஸ்ஸின் எஞ்சின் இருக்கிறதாம். முன்னுக்குச் சறுக்குக் கட்டை, பின்னுக்குச் சங்கிலிப் பட்டி, பக்கத்தில் வட்ட ஜன்னல் என்று, ரோடே தெரியாத பனியில் அந்தக் காலத்தில் ஓடிய வண்டி அது. சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் இருவரும் போய் இறங்கினோம்.

கிழவர் நல்ல மனுசன். வாசலிலேயே கோப்பி வேண்டுமா என்று கேட்டார். முதல் தரமே "ஓம், தாரும்" என்று சொல்வது எங்கள் ஊரில் பஞ்சத்தில் அடிபட்டவன் செய்கிற வேலை. இரண்டு தரம் மறுத்து, மூன்றாம் தரம் மனமில்லாதவர்போல வாங்க வேண்டும். "நொன், மெர்சி" என்றோம், வேண்டாம், நன்றி என்று பிரெஞ்சில். அவர் தலையாட்டிவிட்டுத் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டார். மேப்பிள் பாணி போட்ட கேக்கை நீட்டினார். "நொன், மெர்சி." கேக்கும் உள்ளே போய்விட்டது. எனக்குப் பசியில் கண் இருட்டியது.

கொட்டிலில், மரச்சட்டத்தில் ஏற்றி வைத்திருந்த எஞ்சினைக் கிழவர் உசுப்பினார். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை, தலை தட்டை. இருமி, புகைந்து, பிறகு அவசரமே இல்லாமல் ஓடத் தொடங்கியது. அவருடைய தகப்பன் அந்த பஸ்ஸில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும், பிரசவத்துக்கு டொக்டரையும், நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் குருவானவரையும் ஏற்றினாராம். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, ஸ்க்ரூட்ரைவரைக் காதில் வைத்திருந்த கறள் அண்ணையின் கண்ணால் நீர் வழிந்தது.

"தம்பி, இது வழியிலை நிக்காது. பிள்ளையளை ஏத்தின எஞ்சின்."

கிழவர் அந்தக் கண்ணீரைப் பார்த்துவிட்டார். கொட்டிலை விற்கப்போவதாகவும், இதை நேசிக்கிறவனுக்கே கொடுப்பதாகவும், காசே வேண்டாம், தூக்கிக்கொண்டு போங்கள் என்றும் சொன்னார்.

நான் மொழிபெயர்த்தேன். உடனே கறள் அண்ணை இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்து, "நொன், நொன், மொசியே! நொன்!" என்றார். கேட்டுக்கொண்டிருந்த நான், என் மடத்தனத்தை எங்கே போய்ச் சொல்ல, மரியாதைக்கு நானும் ஒரு "நொன்" சேர்த்தேன்.

கிழவரின் முகம் விழுந்துவிட்டது. "சரி" என்று எஞ்சினை நிறுத்தி, கொட்டிலைப் பூட்டி, எங்களுக்குக் கை கொடுத்து அனுப்பினார்.

பாலத்தில் ஏறும்போது கறள் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தாள் திருப்பிக் கேக்கேல்லை என்ன?"

"இல்லை அண்ணை."

"ரெண்டாந்தரம் கேட்டிருந்தால் ஓம் எண்டிருப்பன்."

திரும்பிப் போய்க் கேட்போமா என்றேன். "வேண்டாமெண்டு சொன்ன வாயாலை எப்படியடா கேக்கிறது?" என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து ராணி அக்கா என் கதவைத் தட்டினார்.

"தம்பி, சும்மா குடுத்ததை வேண்டாமெண்டனீங்களோ? ரெண்டு பேருமோ?"

"ஓம் அக்கா, ரெண்டு பேரும்தான்."

"பதினைஞ்சு வருசமாய் இல்லத்திலை இந்தப் பிரெஞ்சுச் சனத்துக்குச் சாப்பாடு குடுக்கிறன். இவையள் ஒருக்கா வேண்டாமெண்டால் அது வேண்டாம்தான். ஒருக்காத்தான் கேப்பினம். உம்மடை மச்சான்ரை பிக்கப்பை எடும்!"

பிக்கப்பிலும் அக்காவின் காரிலுமாக மூன்று பேரும் போனோம். பண்ணையில் கதவு திறந்ததுமே, கிழவர் வாய் திறக்க முதல் ராணி அக்கா "உய், மெர்சி!" என்றார், ஓம், நன்றி என்று. கிழவர் திகைத்து, கோப்பி வேண்டுமா என்றார். உய். கேக்? உய், இரண்டு துண்டு. கையில் கொண்டுபோன மீன் ரோல்ஸைக் கொடுத்துவிட்டு, முதியோர் இல்லத்துப் பிரெஞ்சில் விளக்கினார்: "எங்கட ஆக்கள் வேண்டாமெண்டால் வேணும் எண்டு அர்த்தம். கொஞ்சம் பிழையான ஆக்கள்." கிழவர் மேசையில் அடித்துச் சிரித்தார். மறுநாள் காலை இரும்புக்காரனை வரச் சொல்லியிருந்தாராம். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் எஞ்சின் தூளாகியிருக்கும். கறள் அண்ணை ஒரு மூலையில் கோப்பிக் கோப்பையோடு நின்றார்.

திரும்பும்போது எஞ்சின் மச்சானின் பிக்கப்பின் பின்தட்டில். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வர வேண்டுமென்று கறள் அண்ணை ராணி அக்காவின் காரில், சிக்னல் விளக்கு இரண்டையும் மினுக்கியபடி, பொம்பிளை வீட்டு ஊர்வலம் மாதிரிப் பின்தொடர்ந்தார். ராணி அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, பேசாமல் விட்டிருந்தால் கராஜ் உங்களுக்குத்தானே?"

அவர் கண்ணாடி வழியே பின்னால் வரும் காரைப் பார்த்தார்.

"கிடைச்சிருக்கும். நேற்றுப் பின்னேரம் முழுக்க அந்த மனுசன் கதிரையிலை கையைக் கட்டிக்கொண்டு இருந்தது, தம்பி. ஒரு சத்தம் போடேல்லை, ஒரு எஞ்சின் கதை சொல்லேல்லை. அப்படி ஒரு மனுசனோடை நான் எப்படி இருக்கிறது?"

அடுத்த வீட்டுக்காரனாக மூன்று வருடம், விடிந்தால் பொழுதுபட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட சுத்தியல் சத்தத்தைத் திட்டித் தீர்த்தவன் நான். அந்த ஒரு பின்னேரம் அது கேட்காதபோது, எழும்பிப் போய்ச் சுவரில் காதை வைத்துப் பார்த்தேன் என்பதை அவருக்கு இன்றைக்கும் சொல்லவில்லை.