செருப்பைக் கழற்றாத ஜில்லுச் சாமியார்

காசு கொடுத்து வெயிலில் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். இந்தக் கோடை முழுக்க அதைத்தான் பார்த்தேன். மூடிப்போன சினிமா தியேட்டரின் மொட்டை மாடிக்கு ஏறுகிற வரிசை, தெருவை வளைத்துக்கொண்டு என் இஸ்திரிக் கடை வாசல் வரைக்கும் நீண்டு கிடந்தது. வேட்டைக்கு வந்தவன் மாடியில் உட்கார்ந்திருக்க, மான்கள் வரிசையில் நின்று டோக்கன் வாங்கிய அதிசயம் எங்கள் தெருவில்தான் நடந்தது.

மாடியில் இருந்தவர் ஜில்லுச் சாமியார். பெற்றவர்கள் வேறு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள், அது அவருக்கே மறந்திருக்கும். சரியாகக் கோடை பிறந்ததும் வந்து இறங்கினார். மழைக்காலத்தில் ஏன் ஐயா வரவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: நம் வீடுகள் கொதிப்பதற்கு வெயில் காரணமே இல்லை. ஒவ்வொரு மொட்டை மாடியிலும் ஒரு சூட்டுப் பூதம் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுக்குள் மூச்சு விடுகிறது. இதை அவர் சொல்லும்போது நடுமண்டைக்கு நேர் மேலே சூரியன் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பாவம், அதற்கு விளம்பரம் செய்ய ஆளில்லை.

சாமியார் சும்மா பேசுகிறவர் இல்லை, செய்தே காட்டுவார். காலையில் 'பனிப்பொடி' என்று ஒன்றைத் தண்ணீரில் குழைத்து, மந்திரம் முணுமுணுத்து, மாடித் தரையில் பெரிய வட்டமாகப் பூசுவார். மத்தியானம் ஜனங்கள் படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, தரைச் சூட்டில் "ஆ, ஊ" என்று துள்ளிக்கொண்டே வந்து அந்த வட்டத்துக்குள் காலை வைப்பார்கள். அடடா! ஜில்லென்று இருக்கும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வட்டத்துக்குள் நின்று தேம்பித் தேம்பி அழுதே விட்டார்.

வீட்டு மாடி முழுக்கப் பூதம் விரட்டச் சாமியார் கேட்ட காசுக்கு ஒரு ஏசி வாங்கலாம். "ஏசிக்கு மாசாமாசம் கரண்ட் பில் வரும், சாமிக்கு வருமா?" என்று வாத்தியார் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான், வாத்தியார்தான் தப்பு.

என் கடை இருக்கிற கட்டடத்தின் மேல்தளத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, டெய்லர் அக்கா குடியிருக்கிறார். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பகலெல்லாம் இன்ஜின் பக்கத்தில் வெந்துவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்தால் மேல்தளம் அவரை மறுபடியும் வேகவைக்கும். அவரும் வரிசையில் நின்று, வட்டத்தில் நின்று, குளிர்ந்து போய் வந்தார். வந்தவர் சாமியாருக்குக் கொடுக்க நேராக அக்காவின் மோட்டார் தையல் மெஷினை விலை பேசிவிட்டார்.

அன்றைக்கு அவர்கள் சண்டை என் கடை வரைக்கும் கேட்டது.

"என் மெஷினை விக்க நீங்க யாருங்க? பள்ளிக்கூடம் திறக்கப் போகுது, யூனிஃபார்ம் துணி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. கையாலயா தைக்கச் சொல்றீங்க?"

"எனக்கு ராத்திரித் தூக்கமே இல்லைடி. நேத்து சிக்னல்ல நிக்கும்போதே கண்ணு சொக்கிடுச்சு. பின்னாடி ஒரு பஸ் நிறைய ஜனம் உக்காந்திருக்கு. மெஷின் பெரிசா, உசுரு பெரிசா, நீயே சொல்லு!"

மனுஷன் சொன்னதில் பாதி நியாயம். பொய்க்காரன் பிழைப்பதே அடுத்தவனின் நிஜமான கஷ்டத்தில்தானே!

மறுநாள் அக்காவும் போய் அந்த வட்டத்தில் நின்றார். குளிர்ந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. குனிந்து பாத்திரத்தில் இருந்த பொடிக் குழம்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இந்தப் பொடி என்ன விலைங்க சாமி?"

"பொடிக்கு விலையே இல்லை தாயே," சாமியார் கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "அது வெறும் பொடி. காசெல்லாம் மந்திரத்துக்கு. பூதம் மந்திரத்துக்குத்தான் பயப்படும், பொடிக்கா பயப்படும்?"

கூட்டம் "ஆகா!" என்றது. அக்கா விரலை மடக்கிக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தார்.

"அண்ணே, ஊசி குத்தின இடம் திகுதிகுன்னு எரியுது. போன வருஷம் சமையல்கட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சப்போ இப்படித்தான் எரிஞ்சுது."

விரலில் காய்ந்திருந்ததை முகர்ந்து பார்த்தேன். புதினா எண்ணெய் வாசம். நிறத்தைப் பார்த்தேன். லேசாக நீலம் ஓடியது. வெள்ளைச் சட்டைகளுக்குச் சொட்டு நீலம் போட்டே வயசான ஆள் நான், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பூதத்துக்கு ஜலதோஷம் போல, புதினா போட்டிருக்கான்! போய் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க அக்கா."

"சொன்னா நம்ப மாட்டார். அவர் காதுக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை அண்ணே. காலுக்குச் சொல்லணும்."

பூதம் விரட்டக் குறித்த நாள் காலையில் பழைய மெஷின் வியாபாரி வேனோடு வாசலில் வந்து நின்றான். சாமியார் சீடர்களோடு வந்தார். அவர் பின்னால் வழக்கம்போல் ஒரு கூட்டம். எல்லோரும் எங்கள் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். அக்கா கையைக் கட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டார்.

"சாமி, மெஷினைத் தாராளமா விக்கறேன். மூணு வட்டம் மட்டும் போட்டுப் பாத்துடலாம். முதல் வட்டத்துல உங்க பொடி, உங்க மந்திரம். ரெண்டாவதுல மந்திரம் மட்டும். பொடிக்கு விலையே இல்லைன்னீங்களே, விலையில்லாத சாமான் எதுக்கு? மூணாவது என்னோடது."

சாமியாரின் தாடி ஆடியது. "அது வந்து, தாயே, பொடி ஒரு வாகனம்..."

"வாகனம் இல்லாம சாமியால நடக்க முடியாதா என்ன!" என்று கொதித்தார் கணக்கு வாத்தியார். "அவர் சக்தி தெரியாம சந்தேகப்படறியேம்மா! போடுங்க சாமி, இவங்க முகத்துல கரியைப் பூசுங்க!"

பக்தர்கள் எல்லோரும் "போடுங்க சாமி!" என்று கத்தினார்கள். எதிரி மாட்டிவிட்டால் தப்பிக்கலாம், பக்தன் மாட்டிவிட்டால் எங்கே போவது? சாமியார் முதல் வட்டத்தைப் பொடியால் பூசிவிட்டு, வேறு வழியில்லாமல் வெறும் தரையில் சாக்பீஸால் கிழித்த வட்டத்தைப் பார்த்து முணுமுணுத்தார்.

மூன்றாவது வட்டத்துக்கு அக்கா பெயிண்ட் கடைச் சுண்ணாம்பை வாளியில் கரைத்து வந்தார். பிரஷ்ஷால் பூசிக்கொண்டே அதைத் திட்ட ஆரம்பித்தார்.

"ஏ உருப்படாத சுண்ணாம்பே! கட்டையில போறவனே! எவனோ சொன்னான்னு என் மெஷின்மேலயா கண்ணு வைக்கிறே? நீ நல்லா இருப்பியா? உனக்கு வெக்கம், மானம், சூடு, சொரணை ஏதாவது இருக்கா?"

திட்டு சுண்ணாம்புக்குத்தான். ஆனால் தலையைக் குனிந்துகொண்டவர் டிரைவர்.

வெயில் ஏறுகிற வரைக்கும் சாமியார் என் கடையில் காத்திருந்தார். நைசாகக் கிளம்பப் பார்த்தார், பக்தர்கள் அன்பாகப் பிடித்து உட்கார வைத்தார்கள். சூட்டுப் பூதத்தை விரட்டுகிற மகான் என் மேசை ஃபேனை விட்டு ஒரு சாண் நகரவில்லை.

உச்சி வெயிலில் மறுபடியும் மாடி. படியிலேயே எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள், சாமியாரைத் தவிர. அவருக்கு எப்போதும் கனத்த தோல் செருப்பு. வாத்தியார் முதல் வட்டத்தில் நின்றார். "ஜில்!" என்றார். அக்கா மூன்றாவதில் நின்றுகொண்டு, "நீங்களும் இங்க வந்து பாருங்க வாத்தியாரே," என்றார். வாத்தியார் வந்து நின்றார். முகம் சுருங்கியது. இங்கேயும் அதே ஜில்.

"மந்திரத்துக்கும் குளிருது, திட்டுக்கும் குளிருது," என்று தலையைச் சொறிந்தார்.

"இருங்க, வெறும் மந்திர வட்டம் இன்னும் இருக்கு," என்று டிரைவர் முன்னால் வந்தார். சாமியைக் கும்பிட்டுவிட்டு, கண்ணை மூடி, இரண்டாவது வட்டத்தில் இரண்டு காலையும் ஊன்றினார்.

"அய்யய்யோ!"

அவர் குதித்த குதியில் பக்கத்து மாடிப் புறா எல்லாம் பறந்தது. பாவம், உள்ளங்கால் சிவந்து போயிற்று. "நம்பிக்கை குறைவு!" என்றார் சாமியார் உடனே. "மனசுல முழு நம்பிக்கை இல்லாதவனுக்குச் சுடத்தான் செய்யும்."

"உங்களுக்கு முழு நம்பிக்கை இருக்குமே சாமி," என்றார் டிரைவர். குரல் மாறியிருந்தது. "செருப்பைக் கழட்டிட்டு நில்லுங்க."

சாமியார் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவர் காலைப் பார்த்தது. மெல்லச் செருப்பைக் கழற்றி, வட்டத்துக்குள் ஒரு காலை வைத்தார், எடுத்தார். மறு காலை வைத்தார், எடுத்தார். "யப்பா! அம்மா!" என்று அலறிக்கொண்டு ஒரே தாவாகத் தாவினார். எங்கே தெரியுமா? மூன்றாவது வட்டத்துக்குள்! கட்டையில் போகிற சுண்ணாம்புதான் கடைசியில் சாமியாரைக் காப்பாற்றியது.

டிரைவர்தான் முதலில் சிரித்தார், வாய்விட்டுச் சிரித்தார். அதோடு மாடியே சிரித்தது. பக்தர்களிடம் வாங்கியிருந்த முன்பணத்தையெல்லாம் சீடர்கள் அங்கேயே எண்ணி வைத்துவிட்டுத்தான் இறங்கினார்கள். சாமியார் போன வேகத்தில் செருப்பை விட்டுவிட்டுப் போனார். மெஷின் வியாபாரி, "அந்தச் சுண்ணாம்பு எந்தக் கடையிலங்க?" என்று கேட்டுக்கொண்டு வேனைத் திருப்பினான்.

அன்று சாயங்காலமே டிரைவர் மொட்டை மாடி முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார். அக்கா பக்கத்தில் நின்று திட்டினார். இந்தத் தடவை சுண்ணாம்பை இல்லை. வெள்ளை அடித்தால் வெயில் திரும்பிப் போகிறது, அவ்வளவுதான் சங்கதி. வீடு பனிமலை ஆகிவிடவில்லை. மனுஷன் படுத்தால் தூங்குகிற அளவுக்கு ஆகியிருக்கிறது. மெஷின் சத்தம் என் கடை வரைக்கும் கேட்கிறது.

கதை இதோடு முடிந்தால் நம் ஜனங்களைப் பற்றி நான் பெருமைப்படலாம். போன வாரம் கணக்கு வாத்தியார் ஒரு தட்டில் பழமும் பூவுமாக வந்து அக்கா முன்னால் பவ்வியமாக நின்றார்.

"அம்மா, அன்னைக்குத் திட்டினீங்களே, அந்த வார்த்தைகளை மட்டும் வரிசை மாறாம சொல்லிக் கொடுங்க. எங்க மாடியிலயும் அப்படியே சொல்லிடறேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு, அவர் கையில் வாளியையும் பிரஷ்ஷையும் கொடுத்து அனுப்பினார்.

சாமியாரின் செருப்பு இன்னும் என் கடையில்தான் கிடக்கிறது. அடுத்த கோடைக்கு அடுத்த மகான் வருவார், எனக்குத் தெரியும். அவர் உங்களைச் செருப்பைக் கழற்றச் சொன்னால் தாராளமாகக் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன்னால், "முதலில் நீங்கள் கழற்றுங்கள் சாமி" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.