கீழப்பழுவூரில் நான் விசாரித்த பயிற்சியாளர்

ஒருவரைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொள்ள எங்கள் பக்கத்தில் ஒரே வழிதான். அவர் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு டீ சொல்லிவிட்டு, "இங்க இன்னார் இருக்காரே, ஆளு எப்படிங்க?" என்று ஆரம்பிக்க வேண்டும். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் பெண்ணைப் பெற்றவர்கள் இப்படித்தான் மாப்பிள்ளை விசாரிக்கிறார்கள். இந்த முறையை வேறு எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்று கண்டுபிடித்த பெருமை என்னையே சேரும்.

நான் பெரம்பலூரில் இயற்பியல் ஆசிரியர். கவலைப்படுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. (திருச்சியில் மகள் பஸ் ஏறினால், அது பாடாலூர் தாண்டும் வரை ஒரு கவலை. தாண்டியதும், ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது என்று இன்னொரு கவலை.)

மகள் தேன்மொழிக்குத் திருச்சியில் ஒரு கம்பெனியின் பணியாளர் பிரிவில் நல்ல வேலை. ஒரு சனிக்கிழமை காலை, இட்லி தட்டில் விழுந்த கையோடு சொன்னாள்: "திங்கக்கெழம வேலைய விடறேம்ப்பா. அரியலூர்ல சமரசப் பயிற்சி மையத்துல சேரப் போறேன்."

புருஷன் பெண்டாட்டி சண்டையும் ஆபீஸ் சண்டையும் கோர்ட்டுக்குப் போகும் முன்பே, இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கிறவர் சமரசர். அப்படிப்பட்ட சமரசர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவளாக இவள் ஆக வேண்டுமாம்.

"உனக்கு யாரு கத்துத் தருவா? என்ன படிச்சவங்க?"

"குணசேகரன் சார்தான் அங்க பெரிய ட்ரெய்னர். கீழப்பழுவூர்க்காரரு. முன்னாடி பஸ் கண்டக்டர்."

பிய்த்த இட்லியைத் தட்டிலேயே வைத்தேன்.

"அப்பறம் சிமெண்ட் ஃபேக்டரி யூனியன்ல இருந்தாரு. அப்பறம் சட்டம் படிச்சாரு. இந்த வேலைக்கு எல்லா வழியிலேருந்தும் வருவாங்கப்பா. அங்க ஒரு மேடம் நர்ஸா இருந்தவங்க. இன்னொருத்தரு போலீஸ்."

"ஒரு வேலையிலயும் நிக்காதவங்கள்லாம் சேந்து ஊருக்குப் புத்தி சொல்றாங்களாக்கும்?"

"தோ பாருங்கப்பா. போயி விசாரிக்கற வேலை மட்டும் வேணாம். போனீங்கன்னு தெரிஞ்சா, அப்பறம் என்னைப் பத்தி எதுவுமே உங்ககிட்ட சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் அரியலூருக்குப் போய்விட்டாள். மகள் சொன்னால் செய்கிறவள். அந்தப் பயம் எனக்குப் பஸ் ஸ்டாண்டு வரை இருந்தது. பஸ் கிளம்பியதும் போய்விட்டது.

கீழப்பழுவூரில் இறங்கி, முறைப்படி டீ சொன்னேன். முறைப்படி ஆரம்பித்தேன். டீக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குணாவா? தங்கமான ஆளுங்க. தண்ணி கிண்ணி கெடையாது."

"கோவம்?"

"ஊருக்காரங்ககிட்ட வராதுங்க."

"குடும்பம்?"

"இன்னும் ஆவலீங்களே. நாப்பத்தஞ்சு ஆவப் போவுது. அதான் நீங்க வந்துட்டீங்களே!"

(இதை நான் மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் பாடம் நடத்தினால் மூளை இப்படித்தான் ஆகும்.)

"பொண்ணு என்ன பண்ணுதுங்க?"

"கம்பெனில வேலை. இவரை நம்பி அதை விட்டுட்டு வரேங்குது. அதுவா முடிவு பண்ணிருச்சு. நான்தான், ஆள் எப்படின்னு தெரியாம சரின்னு சொல்ல மாட்டேன்னு வந்தேன்."

டீக்கடைக்காரர் கண்கலங்கினார். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். ஒரு சமரசப் பயிற்சியாளருக்கு ஊரில் இத்தனை மரியாதையா என்று நானும் கொஞ்சம் கலங்கினேன்.

அடுத்த டீ வருவதற்குள் குணசேகரனின் அக்கா செல்வி வந்து, "டீக்கடையில ஒக்காந்துக்கிட்டு, என்னங்க இது? வூட்டுக்கு வாங்க" என்று என்னைக் கையோடு அழைத்துப் போனார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. தட்டில் வெற்றிலை பாக்கும் பூவும் வந்தபோதுதான் மண்டையில் இடி இறங்கியது.

"அம்மா, நான் வந்தது..."

"எல்லாம் தெரியும்ங்க. வயசு கொஞ்சம் தள்ளித்தான் இருக்கு. பொண்ணே ஆசப்பட்டப்பறம் நாம யாருங்க? தம்பிய ஒடனே வரச் சொல்லிட்டேன்."

தம்பி வந்தார். அவர் வண்டி மெக்கானிக்கிடம் இருந்ததால், வீட்டில் ஏதோ அவசரம் என்று பதறி, மையத்திலிருந்த ஒருத்தியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஓட்டி வந்தவள் என் மகள்.

"ஐயோ, ஜோடியாவே வந்துட்டாங்கடி!" என்றார் அக்கா, பக்கத்து வீட்டுக்காரிகளைப் பார்த்து.

தேன்மொழி என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த கேசரியைப் பார்த்தாள்.

விஷயம் புரிந்ததும் குணசேகரன் கத்த ஆரம்பித்தார். "ஒனக்கு அறிவிருக்காக்கா? அது எங்கூட வேலை செய்யப் போற புள்ள!"

"ஊருச் சண்டையெல்லாம் தீக்கறியே, எங்கிட்ட மொகம் குடுத்து ஒரு வார்த்தை பேசியிருப்பியாடா?" என்று அக்கா அழ, இவர் கத்த, குடும்பச் சமரசத்தில் பெயர்பெற்ற அந்த வீட்டில் ஒரு சொம்பு உருண்டது. ஊருக்காரர்களிடம்தான் கோபம் வராது என்று டீக்கடைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

படித்தவன் என்ற பொறுப்பில் நான் எழுந்தேன். "ஒருத்தர் பேசறப்ப இன்னொருத்தர் பேசக் கூடாது. மொதல்ல ரெண்டு பேரும் கையக் கட்டுங்க" என்றேன். அதுவரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்த இருவரும் ஒற்றுமையாக என் பக்கம் திரும்பினார்கள்.

"மொதல்ல நீங்க யாருங்க?" என்றார் குணசேகரன்.

"எங்கப்பா சார்" என்றாள் தேன்மொழி. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க மொதல்ல சொல்லுங்க. கல்யாணத்த விடுங்க. வேற என்ன வருத்தம்?"

அக்கா முந்தானையில் மூக்கைத் துடைத்தார். தம்பி ராத்திரி சாப்பிடும்போதுகூட யார் யார் குடும்பத்தோடோ போனில் பேசிக்கொண்டே சாப்பிடுகிறான், இன்னொருத்தி வந்தாலாவது இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும் என்று நினைத்ததாகச் சொன்னார். குணசேகரன் வாய் திறந்தார். தேன்மொழி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பெரிய ட்ரெய்னர் வாயை மூடிக்கொண்டார். அவருடைய முறை வந்தபோது அவரிடம் கத்தல் மிச்சமில்லை. "தப்புதாங்க்கா" என்றார்.

அடுத்து என் முறை. "நீங்க சொல்லுங்கப்பா. எதுக்கு வந்தீங்க?"

வகுப்பில் எத்தனை மாணவர்களை இப்படி நிற்க வைத்திருப்பேன்! "பயமா இருந்துச்சும்மா" என்றேன்.

"பயம்னா எங்கிட்ட கேக்கணும். டீக்கடையில இல்ல."

"கேட்டா சொல்வியா?"

"இனிமே நீங்க கேக்கறதப் பொறுத்து."

குணசேகரன் தொண்டையைச் செருமினார். "சார், என்னைப் பத்தி இன்னும் ஏதாவது விசாரிக்கணுமா?"

"வேணாங்க" என்றேன். உண்மையில் அவரைப் பற்றி ஒன்றிரண்டு சந்தேகங்கள் புதிதாக வந்திருந்தன. மகளைப் பற்றித்தான் எதுவும் மிச்சமில்லை.

திங்கட்கிழமை அவள் வேலையை விட்டாள். நான் தடுக்கவில்லை. கீழப்பழுவூர் பக்கம் போக நேர்ந்தால், பஸ்ஸில் இன்றும் ஜன்னலோரம் உட்காருவதில்லை.

போன மாதம் எங்கள் பள்ளியில் ஆசிரியர்களுக்குப் பணியிடச் சமரசப் பயிற்சி. நடத்த வந்தவள் தேன்மொழி. எங்கள் வேதியியல் ஆசிரியர், என்னைப் போலவே எதையும் நம்பாதவர், எழுந்து கேட்டார்: "மேடம், இந்த வேலைக்கு வரதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன அனுபவம்?"

"கம்பெனில பணியாளர் பிரிவுல இருந்தேங்க" என்றாள். "ஆனா பெரிய அனுபவம்னா, அதோ மூணாவது வரிசையில ஒக்காந்திருக்காரு."

மொத்த ஹாலும் திரும்பியது.

"எழுந்திரிங்க சார், எல்லாரும் பாக்கட்டும்" என்றார் தலைமை ஆசிரியர்.

எழுந்து நின்றேன். கும்பிடும் போட்டேன்.