அறுபது குதிரைச் சட்டம்

கடலில் தொடங்கி மேகத்தில் முடிகிற நாடு ஒன்று இருந்தது. பெயர் எதற்கு? நீங்களும் நானும் அங்கே போகப்போவதில்லை. அந்த நாட்டின் மலைப்பேருந்தை ஓட்டியவன் சடையன்.

அங்கே இன்ஜினின் சக்தியைத் துறைமுகத்தில்தான் அளப்பார்கள். அதுவும் மார்கழி விடியலில், குளிர்ந்த கடல்காற்றில், சக்தியைத் தின்னும் விசிறி, டைனமோ, சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு அளப்பார்கள். சடையனின் இன்ஜின் அப்படி அறுபது குதிரைச் சக்தி காட்டியது. ஒரு குதிரைக்கு ஓர் ஆள் என்பது சட்டம். ஆகவே அறுபது பேருக்கு ஒருவர் குறைந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது.

மலைக்காற்றுக்குச் சட்டம் தெரியாதே! ஏற ஏற அது மெலிந்தது. ஏழாவது வளைவில் இன்ஜின் மூச்சுமுட்டி நிற்கும். நாற்பது குதிரை தேறினால் அதிகம். எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் சடையனின் மனைவி செவந்தியும் தள்ளுவாள். அவளுக்கு ஆறாம் மாதம். மற்றவர்கள் தள்ளும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவளுக்கு மனம் வராது. கண்ணாடியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் சடையன் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்துவான்.

இருப்புக்கொள்ளாமல் ஒருநாள் அமைச்சர் பராங்குசத்திடம் போய், மேலே ஒருமுறை அளந்து பாருங்கள் என்று கெஞ்சினான். நாற்பது பேர் என்றால் யாரும் இறங்க வேண்டியதில்லை என்றான்.

அமைச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இன்ஜினின் சக்தி அறுபது. அது நிரூபிக்கப்பட்டது. மலையில் குறைகிறதென்றால், குறை மலையில் இருக்கிறது."

மறுவாரமே மலையில் அளப்பது தேசத்துரோகமானது. அடுத்த மாதம் இன்னொரு ஆணை வந்தது: வண்டி தள்ளி, பற்றாத குதிரைகளை ஈடுகட்டும் குடிமக்கள் இனிக் குதிரைகளாகப் பதிவு செய்யப்படுவார்கள், குதிரைகளுக்கு டிக்கெட் கிடையாது. மலைச்சனம் ஆனந்தக் கூத்தாடியது. வரிசையில் நின்று ஆளுக்கொரு எண்வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். சடையன் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் செவந்தி கேட்கவில்லை. சும்மா கிடைப்பதை விடுவானேன் என்று அவளும் கைநாட்டு வைத்தாள்.

தேர்தல் வந்தது. அளவுகருவியை மலைக்கு ஏற்றுவேன் என்று சொல்லிப் பூங்கோதை என்பவள் பராங்குசத்தை எதிர்த்து நின்றாள். மலையே அவள் பக்கம்தான். சடையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாக்குச்சாவடி அடிவாரத்தில் இருந்தது. விடிந்ததும் வண்டி நிறையச் சனத்தை இறக்கினான். இறக்கத்தில் இன்ஜினுக்கு என்ன வேலை?

சாவடி அதிகாரி முதல் வில்லையைப் பார்த்ததுமே கதவை மறித்தார். பதிவேட்டின்படி இவர்கள் குதிரைகள், குதிரைகளுக்கு ஓட்டில்லை. ஸ்டியரிங்கை விட்டு இறங்காததால் வில்லை வாங்காத சடையன் ஒருவன்தான் உள்ளே போய் ஓட்டுப் போட்டான்.

வெளியே வந்ததும் செவந்தியின் கையைப் பிடித்து அதிகாரியின் முன்னால் நிறுத்தினான்.

"இவ மனுசிங்கய்யா. அடுத்த மாசம் புள்ள பெறப்போறவ."

அதிகாரி நல்ல மனிதர். செவந்தியின் வயிற்றைப் பரிவோடு பார்த்தார். பதிவேட்டைப் புரட்டி, அவள் எண்ணுக்குக் கீழே 'குட்டி ஒன்று' என்று எழுதினார். பிறகு சடையனின் தோளில் தட்டி, அடுத்த மாதத்திலிருந்து அறுபத்தோரு பேரை ஏற்றலாம் என்று வாழ்த்தினார்.