லெந்து நாளில் நிறுத்திய மாத்திரை

சதுரங்கப்பட்டினம்,
20-3-2001

என் அருமை மகள் ரூத்துக்கு அப்பா ஏசுபாதம் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், கோழிகள் சுகம், கூரையும் கடற்காற்றுக்குத் தப்பிச் சுகம். அம்மா சுகமா என்று கேட்பாய். அவளும் சுகம்தான், ஆனால் அதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பதறாமல் உட்கார்ந்து படி.

அம்மாவின் காலில் செம்புள்ளிகள் வந்ததும், ரத்தக்குழாய் அழற்சி என்று செங்கல்பட்டு டாக்டர் சாருலதா ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்ததும் உனக்குத் தெரியும். மாத்திரை புள்ளிகளை விரட்டியது. கூடவே அகோரப் பசியையும் கொண்டுவந்தது. முகம் உப்பிப் பளபளத்ததில் சர்ச்சில் பெண்கள், "இன்னாக்கா, வூட்டுக்காரரு ரிட்டயர் ஆனதும் சூப்பரா ஆயிட்டியே!" என்று விசாரிக்க, இவளும் பெருமையாகச் சிரித்துக்கொண்டு வந்தாள். அதற்குள் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு வந்துவிட்டது. வருஷாவருஷம் லெந்து வெள்ளிகளில் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பவள், முதல் வெள்ளியன்று காலையிலேயே அடுப்படியில் நின்றபடி ஒரு தட்டு வறுத்த சங்கரா மீனைத் தின்று தீர்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "சாத்தான் வவுத்துல இல்ல, மாத்திரைல கீறான்" என்றாள். நான் சிரித்தேன். மற்றவர்கள் லெந்துக்குக் கறியை விடுவார்கள். உன் அம்மா என்னிடம் சொல்லாமல் மாத்திரையை விட்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு ஆராதனையில் மண்டியிட்டவள் எழவில்லை. எல்லாரும் எழுந்து நிற்க, இவள் மட்டும் தலைகவிழ்ந்திருப்பதைப் பார்த்த போதகர், ஆத்துமா உருகுகிறது என்று ஜெபத்தை இன்னும் நீட்டினார். சபையும் கண்ணீரோடு ஆமென் போட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பாவி நான். அவள் பக்கவாட்டில் சரிந்த பிறகுதான் விஷயம் புரிந்து வேனில் போட்டுச் செங்கல்பட்டுக்கு ஓடினோம். டாக்டரம்மா அவளுக்கு ட்ரிப் ஏற்றிவிட்டு என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். "இதைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும்."

கண் தெளிந்த அம்மாவோ, "ஈஸ்டர் முடியட்டும், அப்பால முழுங்கறேன்" என்று வாயை மூடிக்கொண்டாள். போதகரே வந்து சொல்லியும் திறக்கவில்லை. அப்போதுதான் கர்த்தர் உன் மாங்கனீசு ஆக்சைடை எனக்கு ஞாபகப்படுத்தினார். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உன் ஆராய்ச்சியைச் சொன்னாயே: உலையின் சூட்டை மெல்ல மெல்ல இறக்கினால் அணுக்கள் தத்தம் இடத்தில் வரிசையாக நிற்கும், சட்டென்று வெளியே எடுத்தால் கண்டபடி நின்றுவிடும் என்று. அன்று எனக்குப் புரியவில்லை, அம்மா தூங்கியேவிட்டாள். "இதப் பாரு, உம் பொண்ணு அடுப்பையே ஒரே நாள்ல அணைக்கக் கூடாதுன்றா. உன் ஒடம்ப அணைக்கலாமா?" என்றேன்.

"ரூத்தா சொன்னா?"

"ரூத்துதான்."

வாயைத் திறந்தாள்.

ஆகவே கவலைப்படாதே. வீட்டுக்கு வந்தாயிற்று, ஒழுங்காக மாத்திரை போடுகிறாள், வெள்ளிக்கிழமையும் சாப்பிடுகிறாள். நீ ஆய்வேட்டை எழுதி முடிக்கும் நேரம். பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வராதே, ஈஸ்டருக்கு வந்தால் போதும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். "வரச் சொல்லாத, புள்ள படிப்பு கெட்டுடும்" என்கிறாள். கர்த்தர் உன்னையும் உன் உலையையும் காப்பாராக.

உன் அப்பா,
ஏசுபாதம்

பி.கு.: அம்மா கோழிக்குத் தீனி போடக் கொல்லைக்குப் போயிருக்கிறாள். மேலே, 'வராதே' என்று எழுதியதை நம்பாதே. வா, ரூத். அன்று சர்ச்சில் அவள் கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. அதிலிருந்து அவள் மதியம் கண்ணயர்ந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் பயமாக இருக்கிறது.